எழுத்து பொருந்தினால் போதுமா? எம்1 கார்பைன் வாங்குமுன் ஒரு ஒப்பீடு

ஒஹாயோவில் ஒரு துப்பாக்கிக் கண்காட்சி. நண்பர் ஒருவர் முதன்முதலாக எம்1 கார்பைன் என்ற குட்டை ராணுவத் துப்பாக்கி ஒன்றை வாங்கப் போகிறேன் என்று சொல்லி என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். ஒரே வியாபாரியின் மேசையில் மூன்று கார்பைன்கள் கிடந்தன. மூன்றுமே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்பட்டவை. விலைச்சீட்டுதான் வேறு வேறு.

முதலாவது 1,250 டாலர். அண்டர்வுட் கம்பெனி செய்தது. தோளில் அணைக்கும் மரக்கட்டை கறுத்து, எண்ணெய் குடித்து, அங்கங்கே அடிபட்டிருந்தது. உறுப்புகளில் நாலைந்து கம்பெனிகளின் அடையாள எழுத்துகள் கலந்து கிடந்தன. இரண்டாவது 950 டாலர். இன்லண்ட் செய்தது, ஆனால் குழலின் முனைப்பக்கம் ஓர் இறக்குமதிக் கம்பெனியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது 2,800 டாலர். வின்செஸ்டர். ஒரு சிறு அட்டையில் 'அனைத்தும் அசல், அனைத்தும் வின்செஸ்டர்' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

நண்பரின் கை நேராக மூன்றாவதுக்குத்தான் போனது. "எல்லாப் பார்ட்டிலும் டபிள்யூ இருக்கு பாருங்க" என்றார். இருந்தது, உண்மைதான். எனக்குச் சந்தேகம் வந்ததும் அங்கேதான்.

ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1941 அக்டோபரில் இந்தக் கார்பைன் ராணுவத்துக்கு ஏற்றதென்று முடிவானது. வடிவமைத்தது வின்செஸ்டர். ஆனால் ஒரு கம்பெனியால் தாங்கக்கூடிய தேவையா அது? 1945-இல் உற்பத்தி நிற்கும்போது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்பைன்கள் வெளிவந்திருந்தன. முதன்மை ஒப்பந்தம் வாங்கிய கம்பெனிகள் பத்து. அவற்றில் வின்செஸ்டர் ஒன்றுதான் பெயர்பெற்ற துப்பாக்கிக் கம்பெனி. அண்டர்வுட் தட்டச்சுப் பொறி செய்து வந்தது. ராக்-ஓலா, காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் செய்தது. நேஷனல் போஸ்டல் மீட்டர், பெயரே சொல்கிறது, தபால் முத்திரை இயந்திரம். ஐ.பி.எம். தெரிந்ததுதான். டேட்டன் நகரத்து இன்லண்ட், ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவு. 26 லட்சத்துக்கு மேல் செய்து எல்லோரையும் முந்தியது. சாகினா ஸ்டியரிங் கியரும் ஜெனரல் மோட்டார்ஸ் பிரிவுதான். குவாலிட்டி ஹார்டுவேர், ஸ்டாண்டர்டு புராடக்ட்ஸ் என்று இன்னும் இரண்டு. பத்தாவதான இர்வின்-பீடர்சன் கதை பரிதாபம்: சில ஆயிரம் செய்தும் ராணுவம் ஒன்றைக்கூட ஏற்கவில்லை. 1943-இல் அந்த ஆலை சாகினாவின் கைக்குப் போனது.

இந்தப் பத்துக் கம்பெனிகளுக்குக் கீழே எத்தனையோ துணை ஒப்பந்தக்காரர்கள். யாரிடம் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அறையை மூடும் உறுப்பு) மிச்சம், யாரிடம் குழல் பற்றாக்குறை என்று பார்த்து, ஓர் ஆலையிலிருந்து இன்னோர் ஆலைக்கு உறுப்புகளை மாற்றிவிடுவதற்கென்றே ஒரு கூட்டுக் குழு இருந்தது. போர் நடக்கும்போது 'என் எழுத்துப் போட்ட போல்ட் வந்தால்தான் பூட்டுவேன்' என்று எந்த ஆலையும் காத்திருக்காது. ஆக, ஆலையை விட்டுப் புத்தம்புதிதாக வெளியேறிய அன்றே பல கார்பைன்கள் கலப்படம்தான். குவாலிட்டி ஹார்டுவேர் இதில் உச்சம். அவர்கள் பெயரில் வந்த ரிசீவர்களிலேயே (குழலும் போல்ட்டும் பொருந்தும் நடு உடல்) ஒரு பகுதியை யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் என்ற ரயில்வே சிக்னல் கம்பெனி செய்து கொடுத்தது. அவற்றில் 'யு.என்.-குவாலிட்டி' என்று இருக்கும். குவாலிட்டி பெயர் போட்ட கார்பைன் ஒன்றில் எல்லா உறுப்பும் 'க்யூ' எழுத்தோடு இருந்தால் நான் மகிழ மாட்டேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்ப்பேன்.

எழுத்துகளைப் படிக்கும் முறை பெரிய மர்மம் இல்லை. ரிசீவரின் முன்வளையத்தில் 'யு.எஸ். கார்பைன், கேலிபர் .30 எம்1' என்ற வரி. பின்பக்கம், பின் சைட்டை (குறி பார்க்கும் உறுப்பு) ஒட்டி, கம்பெனி பெயரும் வரிசை எண்ணும். பிற்காலத்து நகர்த்தும் சைட் பூட்டியிருந்தால் கம்பெனி பெயர் அதன் அடியில் மறைந்துவிடும், சின்ன டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். குழலில், முன் சைட்டுக்குச் சற்றுப் பின்னால், குழல் செய்தவர் பெயரும் பல நேரங்களில் மாதமும் வருடமும் இருக்கும். வின்செஸ்டர் குழல்களில் பொதுவாகத் தேதி இராது. குழல் தேதியைத் துப்பாக்கியின் பிறந்தநாள் என்று நினைத்துவிடக் கூடாது. குழல் செய்யப்பட்ட மாதம் அது, அவ்வளவுதான். துப்பாக்கி கோக்கப்பட்டது சில வாரமோ மாதமோ கழித்து.

சின்ன உறுப்புகளில் ஒன்றிரண்டு எழுத்துகள் இருக்கும். பொதுவிதி: முன்னால் இருப்பது துணை ஒப்பந்தக்காரர், கடைசி எழுத்து முதன்மைக் கம்பெனி. ஐ என்றால் இன்லண்ட், டபிள்யூ வின்செஸ்டர், யு அண்டர்வுட், ஆர் ராக்-ஓலா, என் நேஷனல் போஸ்டல் மீட்டர், க்யூ குவாலிட்டி, எஸ் ஸ்டாண்டர்டு புராடக்ட்ஸ். ஐ.பி.எம்.முக்கு 'பி', ஏனென்றால் ஐ-யை இன்லண்ட் எடுத்துக்கொண்டது. கட்டையில், தோளில் மாட்டும் வார் நுழைக்கும் பள்ளத்துக்குள் 'ஓ.ஐ.' என்றிருந்தால் ஓவர்ட்டன் கம்பெனி இன்லண்டுக்காகச் செய்த கட்டை. சாகினாவில் ஒரு வேடிக்கை உண்டு. பெயருக்குக் கீழே எஸ், ஜி என்று புள்ளி வைத்திருந்தால் சாகினா நகர ஆலை. புள்ளிக்குப் பதில் ஜி-யின் இரு பக்கமும் மேற்கோள் குறி இருந்தால் இர்வின்-பீடர்சனிடமிருந்து வாங்கிய கிராண்ட் ராபிட்ஸ் ஆலை. ஒரு குறிக்கே விலை மாறும்.

இன்னொன்று. சில ரிசீவர்களில் ஒரு கம்பெனி பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறு பெயர் பொறித்திருப்பார்கள். முதலில் பார்க்கிறவர்கள் 'திருட்டு மால்' என்று ஒதுக்கிவிடுவார்கள். அது ஆலைகளே ஒன்றுக்கொன்று ரிசீவர் கைமாற்றியபோது செய்த திருத்தம். அடித்த பெயர் அசல், பளிச்சென்ற பெயர் போலி என்று தலைகீழாக நடப்பதும் இந்தத் தொழிலில்தான்.

சரி, எழுத்து இதுதான். ஆனால் எழுத்து பாதிதான் சொல்லும். மீதிப் பாதி காலம்.

1942, 43-இல் வந்த கார்பைனும் 45-இல் வந்த கார்பைனும் பார்வைக்கே வேறு. ஆரம்பத்தில் பின் சைட் என்பது எல் வடிவத்தில் புரட்டிப் போடும் இரண்டு ஓட்டை, 150 கஜத்துக்கு ஒன்று, 300 கஜத்துக்கு ஒன்று. பிறகு பக்கவாட்டிலும் தூரத்துக்கும் நகர்த்தும் சைட் வந்தது. முதலில் தட்டையான மேற்புறம் கொண்ட போல்ட், பிறகு உருண்டை போல்ட். குழலையும் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் வளையம் முதலில் ஒடுக்கம், பிறகு அகலம், கடைசியில் பயோனெட் (துப்பாக்கி முனைக் கத்தி) மாட்டும் கொக்கியோடு. பாதுகாப்புப் பொத்தான் முதலில் அழுத்தும் வகை. அதற்குப் பக்கத்திலேயே மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றும் பொத்தானும் இருந்தது. அவசரத்தில் சிப்பாய் அதை அழுத்தித் தொலைக்க, மேகசின் கீழே விழுந்த கதைகள் ஏராளம். அதனால் திருப்பும் நெம்புகோல் வகை வந்தது. கட்டையில் எண்ணெய்க் குப்பி உட்காரும் பள்ளமும் மாறியது: முதலில் ஆங்கில ஐ எழுத்து வடிவ வெட்டு, 1943-லேயே நீள்வட்ட வெட்டு வந்துவிட்டது. அந்தக் குப்பிதான் வாரையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. சிக்கனமான யோசனை, எனக்கு இந்தத் துப்பாக்கியில் மிகப் பிடித்தது அதுதான்.

போர் முடிந்ததும் பெரும்பாலான கார்பைன்கள் ராணுவப் பட்டறைகளுக்குத் திரும்பின. கொரியப் போருக்குப் பிறகு இன்னொரு சுற்று. அங்கே கழற்றி, போல்ட் எல்லாம் ஒரு தொட்டியில், சுத்தியல் எல்லாம் ஒரு தொட்டியில் போட்டு, சோதித்து, கைக்கு வந்ததை எடுத்துக் கோத்தார்கள். எந்த எழுத்து எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. பழைய சைட்டை எடுத்துப் புதியது, பழைய பொத்தானுக்குப் பதில் நெம்புகோல், பயோனெட் வளையம். முடிந்ததும் கட்டையில் பட்டறை முத்திரை: ரெட் ரிவர் என்றால் ஆர்.ஆர்.ஏ., சான் அன்டோனியோ என்றால் எஸ்.ஏ.ஏ. இப்படி வந்ததைச் சேகரிப்பாளர்கள் 'மிக்ஸ்மாஸ்டர்' என்பார்கள். அந்த ஊர் மிக்ஸி ஒன்றின் பெயர் அது.

இதைத் தெரிந்துகொண்டு மேசைக்குத் திரும்பலாம்.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், பணம் அதில்தான் அதிகம் போகும். வரிசை எண்ணைப் பார்த்தேன். 65 லட்சத்தைத் தாண்டியிருந்தது. வின்செஸ்டருக்கு முதலில் ஒதுக்கிய எண்கள் 10 லட்சத்தில் தொடங்கின. 65 லட்சம் என்பது அவர்களின் பிற்காலத் தொகுதி ஒன்று, போரின் கடைசிக் கட்டம். ஆனால் பூட்டியிருந்ததோ புரட்டும் சைட், அழுத்தும் பொத்தான், ஒடுக்க வளையம், ஐ வெட்டுக் கட்டை. எழுத்தெல்லாம் டபிள்யூ. காலம் மட்டும் ஒன்றரை வருடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. 'அனைத்தும் வின்செஸ்டர்' என்ற அட்டை பொய்யில்லை. 'அசல்' என்ற சொல்தான் பொய்.

சைட் உட்காரும் இடத்தைப் பார்த்தேன். சைட் நகராமலிருக்க உளி வைத்து ஒரு தட்டுத் தட்டி உலோகத்தை அமுக்குவார்கள். இதில் அந்தத் தழும்பு தேவைக்கு அதிகமாக இருந்தது, அதுவும் புரட்டும் சைட்டுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில். முன்பு அங்கே நகர்த்தும் சைட் இருந்திருக்கிறது, யாரோ எடுத்திருக்கிறார்கள். குழலில், ஒடுக்க வளையத்துக்கு முன்னால், பூச்சு தேய்ந்த ஒரு பட்டை. பயோனெட் வளையம் பல வருடம் உட்கார்ந்த சுவடு. கட்டையின் வலப்பக்கம் ராணுவ ஏற்பு முத்திரையான குறுக்குப் பீரங்கிகள் கூர்மையாகத் தெரிந்தன, ஆனால் சுற்றியிருந்த மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எண்பது வருட முத்திரையின் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். மரம் பழையது போலச் சாயம் பூசப்பட்டு, முத்திரை மட்டும் நேற்றையது போல நின்றால் அது நேற்றையதுதான்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் கொம்பில் பூசிய வண்ணத்தைப் பார்த்து விலை பேச மாட்டார். இங்கே எழுத்துதான் அந்த வண்ணம். தேய்மானம்தான் பல். போல்ட் வழவழப்பாகத் தேய்ந்திருக்க, அது ஓடும் ரிசீவர் பாதை கரகரவென்று புதிதாக இருந்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்ததில்லை. டபிள்யூ உறுப்புகள் தனித்தனியாக விலைக்குக் கிடைக்கின்றன. பொறுமையும் பணமும் இருந்தால் யாரும் ஒரு முழு செட் திரட்டிவிடலாம். அதைப் 'பழைய நிலைக்குத் திருப்பியது' என்று நேராகச் சொல்லி விற்றால் தப்பில்லை, பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அதற்கு மிக்ஸ்மாஸ்டருக்கு மேல் கொஞ்சம்தான் கூடுதலாகக் கொடுப்பேன். இரண்டு மடங்கெல்லாம் கிடையாது.

இரண்டாவது, இறக்குமதி முத்திரை போட்டது. போருக்குப் பின் அமெரிக்கா லட்சக்கணக்கான கார்பைன்களை நட்பு நாடுகளுக்குக் கொடுத்தது. தென் கொரியாவிலிருந்து ஒரு பெரும் பங்கு 1980-களின் பிற்பகுதியில் வியாபாரிகள் மூலம் திரும்பி வந்தது. சட்டப்படி இறக்குமதி செய்தவர் பெயர் பொறிக்கப்பட வேண்டும், அதுதான் குழல் முனையில் இருப்பது. சேகரிப்பாளர்கள் அதைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள், விலையும் இறங்கும். எனக்கு அவ்வளவு வெறுப்பில்லை. அந்த முத்திரை ஒரு தகவல்: இது எங்கோ போய்விட்டு வந்திருக்கிறது. ஆனால் கொரியப் பயணம் பெரும்பாலும் கடுமையானது. குழலின் உட்பக்கத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. முனைத் தேய்மானத்தையும் தோட்டா உட்காரும் அறைப்பக்கத் தேய்மானத்தையும் அளக்கும் அளவுகோல்கள் உண்டு. வியாபாரியிடம் கேட்டால் நல்லவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர் "அதெல்லாம் தேவையில்லை" என்பார். அந்தப் பதிலும் ஒரு அளவுகோல்தான். சுடத்தான் வேண்டும், சேகரிப்பு எண்ணமில்லை என்றால், குழல் நன்றாக இருக்கும் பட்சத்தில் 950 டாலர் இதற்கு நியாயமே. திரும்ப விற்கும்போது மட்டும் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும்.

இதே வகையில் நல்ல அண்ணன் ஒருவர் உண்டு: பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கும் அமைப்பான சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் 2007 முதல் சில வருடம் விற்றவை. இத்தாலிக்குக் கொடுத்துத் திரும்பியவை அவற்றில் நிறைய. கட்டையில் எஃப்.ஏ.டி. என்ற எழுத்து இருந்தால், இத்தாலியின் டெர்னி ஆயுத ஆலை வழியாக வந்தது. கூடவே விற்பனைச் சான்றிதழ் இருந்தால் அதைத் தனியாக மதிக்கலாம். 1963-இல் தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினர்களுக்கு 20 டாலருக்கு விற்கப்பட்டவையும் அப்படித்தான். அந்தக் காலத்துக் கடிதமோ பெட்டிச் சீட்டோ குடும்பத்தில் பத்திரமாக இருந்தால், அதன் மதிப்பு எந்த எழுத்தையும்விட அதிகம்.

முதலாவதுக்கு வருகிறேன். அண்டர்வுட் ரிசீவர், அண்டர்வுட் குழல், இரண்டும் 1943-ஐச் சேர்ந்தவை, ஒன்றோடொன்று பொருந்துகின்றன. மற்றதெல்லாம் கலவை: இன்லண்ட் ஸ்லைடு, வின்செஸ்டர் போல்ட், பயோனெட் வளையம், நகர்த்தும் சைட். கட்டையில் ஆர்.ஆர்.ஏ. முத்திரை மங்கித் தெரிந்தது, விளிம்பு மழுங்கி, மரத்தின் கீறல்கள் முத்திரை மேலேயே ஓடியிருந்தன. முத்திரைக்குப் பிறகு வந்த கீறல்கள் அவை. தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தது. இறக்குமதிப் பெயர் எங்கும் இல்லை. பட்டறையிலிருந்து வெளியே வந்த பிறகு யாரும் இதை 'அழகுபடுத்த' முயலவில்லை.

நான் நண்பரிடம் சொன்னது இதுதான்: "மூணாவதை யாரோ ஒருத்தர் வீட்டுப் பட்டறையில் 43-க்குத் திருப்ப முயற்சி பண்ணியிருக்கார், அதுவும் தப்பா. முதலாவதை ராணுவமே மாத்தியது. நாளைக்கு யார் கேட்டாலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் சொல்ல முடியும்."

அப்படியென்றால் பட்டறைக்கே போகாத, ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்பைன் கிடையாதா? உண்டு, அரிதாக. ராணுவக் கணக்கிலிருந்து நழுவி ஏதோ ஒரு வீட்டுப் பரணில் கிடந்தவை. புரட்டும் சைட், தட்டை போல்ட், தேய்ந்த ஆனால் மணல்தாள் படாத கட்டை, எண்ணுக்கு ஒத்த காலம், கூடவே யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்லும் குடும்பம். அதற்கு 2,800 டாலருக்கு மேலும் கொடுக்கலாம். ஆனால் முதல் கார்பைன் வாங்குகிறவர் அதைத் தேடக் கூடாது என்பது என் கட்சி. பத்து மிக்ஸ்மாஸ்டரைக் கையில் பிடித்துப் பார்க்காமல், அசலைப் பார்த்தால் அடையாளம் தெரியாது.

மடக்குக் கட்டை கொண்ட பாராசூட் படை வகை, எம்1ஏ1, தனிக் கதை. இன்லண்ட் மட்டுமே செய்தது, சுமார் 1,40,000. இன்று போலி மடக்குக் கட்டைகள் சந்தையில் தாராளம். இன்லண்ட் அல்லாத ரிசீவர் மடக்குக் கட்டையில் உட்கார்ந்திருந்தால் பேச்சே வேண்டாம், கட்டை பின்னால் வந்தது. ரிசீவரில் எம்2 என்று பொறித்திருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது தானியங்கி வகை, அமெரிக்கச் சட்டத்தில் இயந்திரத் துப்பாக்கி, வேறு விதிகள். அப்புறம், இன்லண்ட் என்ற பெயரிலேயே டேட்டனில் புதிதாகச் செய்த கார்பைன்களும் இந்த நூற்றாண்டில் வந்தன. சுட நல்லவையாக இருக்கலாம், ஆனால் ஜெனரல் மோட்டார்ஸின் இன்லண்டுக்கும் அதற்கும் பெயர் உறவுதான்.

நண்பர் கொஞ்ச நேரம் வின்செஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆசை அப்படி. கடைசியில் அண்டர்வுட்டை எடுத்து, பேசி 1,175-க்கு முடித்தார். வீட்டுக்கு வந்து வாரையும் எண்ணெய்க் குப்பியையும் கழற்றினோம். பள்ளத்துக்குள் டார்ச் அடித்தால் ஆர்.எம்.சி. என்ற மூன்று எழுத்து. ராக்-ஓலா தன் கட்டைகளில் போட்ட குறி. தட்டச்சுக் கம்பெனியின் துப்பாக்கி, ஜூக்பாக்ஸ் கம்பெனியின் கட்டையில். "அண்டர்வுட் கட்டை ஒண்ணு தேடலாமா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்குமுன்னே அவரே சிரித்துக்கொண்டு குப்பியைத் திரும்பச் சொருகினார். அந்தக் குப்பி யார் செய்தது என்று அவர் இன்னும் பார்க்கவில்லை.